லான்ஸ் ஃபிராங்க்ளினுக்கு ஒரு கோடி டாலர்: சிட்னிக்கு லாபமா, நட்டமா?

கணக்குப்பிள்ளை:
ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலில் ஃபிராங்க்ளின் பெரிய ஆட்டக்காரர்தான், மெல்போர்ன் அணியான ஹாதார்னில் இருந்தவரை. 2013 கடைசியில் சிட்னி ஸ்வான்ஸ் அவரை ஒன்பது வருடத்துக்கு, சுமார் ஒரு கோடி டாலர் பேசி எடுத்தது. ஆளுக்கு அப்போது வயது 26. எதற்கு எடுத்தார்கள்? கோப்பைக்கு. கிடைத்ததா? 2014, 2016, 2022 என்று மூன்று கிராண்ட் ஃபைனல் (கோப்பையை முடிவு செய்யும் கடைசி ஆட்டம்), மூன்றிலும் தோல்வி. அவரை விட்டுக்கொடுத்த ஹாதார்ன் 2014, 2015 இரண்டிலும் கோப்பை தூக்கியது. 2014-இல் அது 63 புள்ளி வித்தியாசத்தில் துவைத்தெடுத்ததே சிட்னியைத்தான்.

சிவப்புவெள்ளை:
அந்த ஃபைனலில் ஃபிராங்க்ளின் நாலு கோல் அடித்தாரே, அதை ஏன் சார் விட்டுவிட்டீர்கள்? சிட்னி அன்று தோற்றது நடுக்களத்தில். சிட்னிக்கு அவர் மொத்தம் 172 ஆட்டம், 486 கோல். லீகிலேயே அதிக கோல் அடிப்பவருக்குத் தரும் கோல்மன் பதக்கம் 2014, 2017 என இரண்டு முறை. பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார் என்று ஊரே பேசியது. மனிதர் ஒன்பதையும் முடித்து, பத்தாவது வருடமும் ஆடிவிட்டுத்தான் 2023-இல் போனார்.

கணக்குப்பிள்ளை:
ஒன்பதையும் முடித்தாரா? 2020 முழுக்கக் காயம், ஒரு ஆட்டம்கூட இல்லை. 2015 பைனல்ஸிலும், அதாவது சீசன் கடைசியில் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்களிலும், இல்லை.

சிவப்புவெள்ளை:
2015-ஐ இதில் சேர்க்காதீர்கள். மனநலச் சிக்கலுக்காக விலகினார், வெளிப்படையாகவே சொல்லிவிட்டு. அதையும் ரசீதில் எழுதுவீர்களா?

கணக்குப்பிள்ளை:
சரி, அதை விடுங்கள். சம்பள உச்சவரம்புக்கு வாருங்கள். ஒரு அணி சம்பளத்துக்குச் செலவழிக்கும் பணத்துக்கு எல்லை உண்டு. ஒருவருக்கு அள்ளிக் கொடுத்தால் இன்னொருவருக்குக் கை சுருங்கும். அவர் வந்த அதே சீசன் முடிவில் ரக் ஆட்டக்காரர் (நடுவர் எறியும் பந்துக்குத் தாவும் உயரமானவர்) மம்ஃபர்ட் சிட்னியின் இன்னொரு அணியான ஜிடபிள்யூஎஸ்ஸுக்குப் போனார். 2016 முடிவில் டாம் மிட்செல் ஹாதார்னுக்கு. அந்த மிட்செல்தான் 2018-இல் லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். இவர்களையும் ஃபிராங்க்ளினின் விலையில் சேர்த்தாக வேண்டும்.

எம்சிஜி_மூலை:
நான் ஹாதார்ன் ரசிகன், எனக்கு இந்தச் சண்டையே வேடிக்கை. எங்களிடம் 2008-இல் 113 கோல் அடித்தார். ஒரே சீசனில் நூறு தாண்டிய கடைசி ஆள் இன்றுவரை அவர்தான். 2010-இல் எசென்டனுக்கு எதிரான அந்த ஓட்டம் பார்த்திருக்கிறீர்களா? எல்லைக்கோட்டை ஒட்டி ஓடுகிறார், கேல் ஹூக்கர் முழு வேகத்தில் துரத்துகிறார், இடைவெளி குறையவே இல்லை. கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் உயர ஆள் சார்! கடைசியில் இடது கால், கோல், ஆறு புள்ளி. 2004 டிராஃப்டில் (இளம் ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) நாலு பேருக்குப் பிறகு ஐந்தாவதாக எங்கள் கையில் விழுந்தவர். இதற்கெல்லாம் கணக்கு பார்ப்பவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

சிவப்புவெள்ளை:
கேளுங்கள் இதை. ரக்பி லீக் ஊரான சிட்னியில் இந்த ஆட்டத்துக்கு ஆள் சேர்ப்பதே பெரும்பாடு. 1995-இல் கோல் மன்னன் டோனி லாக்கெட் வந்த பிறகுதான் கூட்டமே வந்தது. அடுத்து அப்படி இழுத்தவர் இவர். 2022 மார்ச்சில் சிட்னியின் எஸ்சிஜி மைதானத்தில் ஆயிரமாவது கோல், எதிரணி ஜீலாங். பந்து கம்பங்களுக்கு நடுவே போனதும் வேலி தாண்டி ஆயிரக்கணக்கானோர் மைதானத்தில். ஆட்டமே அரை மணி நேரம் போல நின்றது. வரலாற்றிலேயே ஆயிரம் தொட்ட ஆறாவது ஆள். இதையெல்லாம் எந்தப் பேரேட்டில் எழுதுவீர்கள்?

ஆறுபுள்ளி:
இடையில் ஒரு வார்த்தை. டாம் பாய்டை யாரும் பேசவில்லையே? புல்டாக்ஸ் அணி அவரை ஏழு வருடம், 70 லட்சம் டாலர் என்று எடுத்தது. அவர்களுக்கு ஆடியது 52 ஆட்டம். 2019-இல், 23 வயதிலேயே ஓய்வு. ஆனால் சிட்னிக்கு எதிரான 2016 கிராண்ட் ஃபைனலின் கடைசிக் குவார்ட்டரில், புல்டாக்ஸின் டேல் மோரிஸ் பாய்ந்து ஃபிராங்க்ளினைப் பிடிக்கிறார், பந்து சிதறுகிறது, பாய்ட் பொறுக்கித் தொலைவிலிருந்து ஓங்கி உதைக்கிறார், உருண்டு உருண்டு கோல். 1954-க்குப் பிறகு புல்டாக்ஸுக்கு முதல் கோப்பை. அந்த ஊர்க்காரர் யாரும் 70 லட்சம் வீண் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கணக்குப்பிள்ளை:
நான் சொன்னதும் அதைத்தானே! கோப்பை வந்தால் விலை மறந்துபோகும். வராவிட்டால் விலைதான் மிச்சம்.

சிவப்புவெள்ளை:
அப்படியானால் 52 ஆட்டம் லாபம், 172 ஆட்டம் நட்டமா? நீங்கள் எடை போடுவது ஃபிராங்க்ளினை இல்லை, மோரிஸின் ஒரு டேக்கிளை. அந்த மேட்சில் ஃபிராங்க்ளின் ஆரம்பத்திலேயே கணுக்காலில் அடிபட்டு ஆடினார்.

கணக்குப்பிள்ளை:
2022-க்கு என்ன சொல்வீர்கள்? ஜீலாங்கிடம் 81 புள்ளித் தோல்வி, அவர் கணக்கில் ஒரு கோல்கூட இல்லை. 35 வயது ஆளை நம்பி அவ்வளவு பெரிய மேட்சில் இறங்கியது யார் தப்பு?

சிவப்புவெள்ளை:
அந்த சீசனில் ஐம்பதுக்கு மேல் கோல் அடித்தவரை கிராண்ட் ஃபைனலில் உட்கார வைக்கும் கோச் யார் என்று ஒரு பெயர் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம்.