‘கேட்சிங் ஹெல்’ பார்க்கும் முன்: அந்த எட்டாவது இன்னிங்ஸை எப்படித் திரும்பப் பார்ப்பது?

மேல்வரிசை கேட்டது:

அலெக்ஸ் கிப்னியின் ‘கேட்சிங் ஹெல்’ (2011) ஆவணப்படத்தைச் சனிக்கிழமை நாலைந்து பேர் சேர்ந்து பார்க்கப் போகிறோம். 2003 அக்டோபர் 14, ரிக்லி ஃபீல்ட், சிகாகோ கப்ஸ் – ஃபுளோரிடா மார்லின்ஸ், தேசிய லீக் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். மூல ஒளிபரப்பும் கையில் இருக்கிறது, எட்டாவது இன்னிங்ஸை மட்டும் முதலில் ஓட்டிவிட்டுப் படத்தைப் போடலாமா என்று யோசனை. வருகிறவர்கள் எல்லாரும் கிரிக்கெட் ஆட்கள், பேஸ்பால் அரைகுறைதான்.

கேட்க வேண்டியவை: சுவரோரம் வந்த ஃபவுல் பந்தை (ஆடுகோட்டுக்கு வெளியே போன பந்து, தரையில் படுமுன் பிடித்தால் அவுட்) ரசிகர் தட்டிவிட்டும் அம்பயர் ஏன் அவுட் தரவில்லை, இன்றைக்கு ரீப்ளே இருப்பதால் அது மாறுமா? இரண்டாவது, அந்த ஒரு பந்தில்தான் ஆட்டம் போனதா? எங்கெங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும்? அப்புறம், படம் ஏன் 1986 பாஸ்டன் கதையில் ஆரம்பிக்கிறது?

---

கோட்டுக்கு_வெளியே:

முதல் கேள்விக்கு மட்டும் பதில்.

சுவரின் மைதானப் பக்கம் ரசிகர் கை நீட்டி, ஃபீல்டர் பிடிப்பதைத் தெளிவாகத் தடுத்தால் அது குறுக்கீடு, அடித்தவர் அவுட். பந்து சுவரைத் தாண்டி இருக்கைப் பக்கம் வந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். ஃபீல்டரும் உள்ளே கையை விடலாம், ஆனால் தட்டுப்பட்டால் அது அவர் பாடு. 2003-ல் இது விதிநூலில் 3.16, இப்போது 6.01-ன் கீழ் வருகிறது. சாரம் மாறவில்லை.

பிளேஆஃப் ஆட்டங்களில் ஆறு அம்பயர்கள் நிற்பார்கள். இடப்பக்கக் கோட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் மைக் எவரிட். பந்து சுவரின் தளத்தைக் கடந்துவிட்டது என்பது அவர் முடிவு. கப்ஸ் பிட்சர் மார்க் பிரையர் கையைக் காட்டிக் குறுக்கீடு கேட்டார், பந்தைப் பிடிக்க எம்பிய இடது ஃபீல்டர் மொய்சஸ் அலூ கையுறையை உதறிக் குதித்தார். முடிவு மாறவில்லை.

பார்க்கும்போது எல்லாரும் செய்யும் தப்பு, கண்ணை அலூவின் கையுறையில் வைப்பது. கையுறையை விடுங்கள், சுவரின் மேல்விளிம்பைப் பாருங்கள். அந்த விளிம்பிலிருந்து நேர்மேலே ஒரு கண்ணாடிப் பலகை நிற்பதாக நினைத்துக்கொண்டு, பந்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். தூரத்துக் கேமரா ஆழத்தை நசுக்கிவிடும், எல்லாமே சுவருக்கு முன்னால் நடப்பது போலத் தெரியும். படத்தில் வேறு கோணங்களும் வருகின்றன, அங்கே நிறுத்துங்கள். இன்னொன்று: பந்து கையில் படுவதற்குச் சற்று முன் நிறுத்தி, மேலே நீண்டிருக்கும் கைகளை எண்ணுங்கள். ஒன்று அல்ல. பக்கத்தில் உட்கார்ந்தவர்களும் எழுந்து நீட்டியிருப்பார்கள். பந்து யார் விரலில் பட்டது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ரீப்ளே: 2014 முதல் ரசிகர் குறுக்கீடும் மறுஆய்வுக்கு உட்பட்டது. ஆனால் களத்து முடிவைத் திருப்பத் தெளிவான சான்று வேண்டும். நம் டி.ஆர்.எஸ்.ஸில் ‘அம்பயர்ஸ் கால்’ நிற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள், முழுக்க அதே இல்லை. இந்தக் காட்சியை வைத்துத் திருப்ப முடியாது என்பது என் கருத்து.

அந்த ரசிகரின் பெயரை இங்கே யாரும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் படத்துக்கே பேச மறுத்தவர்.

---

பென்சில்_முனை:

இரண்டாவது கேள்விக்கு ஸ்கோர்புக்கைத் திறந்து பதில் சொல்கிறேன். ஒரு தாளில் பன்னிரண்டு கட்டம் போட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள். அந்த அரை இன்னிங்ஸில் மார்லின்ஸில் 12 பேர் ஆடினார்கள், ஒன்பது பேர் வரிசையே முழுதாகச் சுற்றி மேலே மூன்று பேர்.

ஃபீல்டர் எண்களை முதலில் சொல்லிக்கொடுங்கள்: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடது ஃபீல்ட் 7, நடு 8, வலது 9. இந்த இன்னிங்ஸுக்கு 4, 6, 7, 9 தெரிந்தால் போதும்.

தொடங்கும்போது நிலைமை: தொடரில் கப்ஸ் 3-2 முன்னிலை, ஆட்டத்தில் 3-0. இன்னும் ஆறு அவுட் எடுத்தால் உலகத் தொடர். அதற்கு முன் கப்ஸ் அங்கே கடைசியாகப் போனது 1945-ல், ஜெயித்தது 1908-ல்.

கட்டம் 1, மைக் மொர்டெகாய்: இடது ஃபீல்டில் கேட்ச். எஃப்7 (7-ஆம் ஃபீல்டர் பிடித்த உயரப் பந்து). ஒரு அவுட், மிச்சம் ஐந்து.

கட்டம் 2, ஹுவான் பியர்: டபுள் (இரண்டாம் பேஸ் வரை ஓடிய அடி).

கட்டம் 3, லூயிஸ் காஸ்டியோ. எண்ணிக்கை 3-2, அதாவது மூன்று பால் (அடிக்கும் எல்லைக்கு வெளியே போன பந்து), இரண்டு ஸ்டிரைக். இங்கேதான் அந்த ஃபவுல். இதை ஸ்கோர்புக்கில் எப்படிக் குறிப்பது என்று உங்கள் ஆட்கள் கேட்பார்கள். விடை: பந்து எண்ணுகிறவர் ஒரு சின்னக் கோடு போடுவார், அவ்வளவுதான். இரண்டு ஸ்டிரைக் ஆன பிறகு பிடிபடாத ஃபவுலுக்கு எண்ணிக்கை நகராது. அதுவரை 3-2, அதற்குப் பிறகும் 3-2. அலூ கைக்கு நேராக வந்து அவரே நழுவவிட்டிருந்தால், ஆட்டக்காரருக்கு இன்னொரு வாழ்வு கிடைத்தது என்று அவர் பெயரில் பிழை எழுதலாம். இங்கே அதுவும் இல்லை. இருபது வருடமாகப் பேசப்படும் பந்துக்கு அதிகாரப்பூர்வக் கணக்கில் ஒரு எழுத்துகூடக் கிடையாது.

அடுத்து வந்த நாலாவது பால் காட்டுப் பந்து, கேட்சருக்கு எட்டாமல் தப்பியது. நாலு பால் ஆனால் ஆட்டக்காரருக்கு ‘நடை’, முதல் பேஸ் இலவசம். காஸ்டியோ நடந்து முதல் பேஸ், பியர் மூன்றாவதுக்கு. இதற்குக் கட்டத்தில் எழுத்து உண்டு, ஆனால் யாரும் பேசுவதில்லை.

கட்டம் 4, இவான் ரோட்ரிகஸ். இங்கே முதல் நிறுத்தம். எண்ணிக்கை 0-2. ஆட்டக்காரர் முழுக்கப் பின்தங்கியிருக்கும் நேரம், பிட்சர் வீண் பந்து ஒன்றை வெளியே எறிந்து ஆசைகாட்டலாம். அந்த 0-2 பந்தையே இடதுக்கு அடித்து ஒரு ரன். 3-1.

கட்டம் 5, மிகெல் கப்ரேரா. இரண்டாவது நிறுத்தம், என்னைக் கேட்டால் மாலையின் முழு நிறுத்தமே இதுதான். தரைப்பந்து ஷார்ட்ஸ்டாப் அலெக்ஸ் கோன்சாலஸிடம். 6-4-3 என்று போயிருந்தால் இரண்டு அவுட், இன்னிங்ஸ் 3-1-ல் முடிந்திருக்கும். அந்த சீசனில் தேசிய லீக் ஷார்ட்ஸ்டாப்களில் ஃபீல்டிங் சராசரியில் முதலிடம் அவருக்குத்தான். மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: பந்து கையுறைக்குள் அமர்வதற்கு முன்பே கையுறை மூடுகிறது. கண் அதற்குள் இரண்டாம் பேஸுக்குப் போய்விட்டதா என்று பாருங்கள். டபுள் பிளேக்கு அவசரப்படும்போது வருகிற பழைய நோய் அது. பந்து தரையில், பேஸ்கள் நிரம்பிவிட்டன. இ6 (ஷார்ட்ஸ்டாப் பெயரில் பிழை).

ஸ்கோரருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: இரண்டாவது அவுட் வந்தே இருக்கும் என்று அவர் அனுமானிக்கக் கூடாது. அதனால் புத்தகத்தில் ஒரு பிழை, ஒரு அவுட் இழப்பு என்றுதான் தெரியும். உண்மையில் போனது இரண்டு. அந்த ஒன்றை வைத்துக் கணக்குப் பார்த்தாலே பிரையர் பெயரில் ஏறிய 5 ரன்னில் 3 மட்டுமே ‘எர்ன்டு ரன்’, அதாவது பிழையால் வராமல் பிட்சர் பெயரிலேயே எழுதப்படுபவை.

கட்டம் 6, டெரெக் லீ: முதல் பந்திலேயே டபுள், இரண்டு ரன், 3-3. பிரையர் வெளியே, கைல் ஃபார்ன்ஸ்வொர்த் உள்ளே.

மிச்சத்தை ஓடவிடலாம். லோவலுக்கு வேண்டுமென்றே நடை, கொனைனின் தியாக அடி (தான் அவுட் ஆகி ரன்னரை ஓடவிடும் உயரப் பந்து) வலது ஃபீல்டுக்கு (4-3), ஹாலண்ட்ஸ்வொர்த்துக்கும் வேண்டுமென்றே நடை, பிறகு இன்னிங்ஸைத் தொடங்கி அவுட்டான அதே மொர்டெகாய் மூன்று ரன் டபுள் (7-3), மாற்று பிட்சர் ரெம்லிங்கர் வந்ததும் பியரின் சிங்கிள் (8-3). கடைசியில் காஸ்டியோ இரண்டாம் பேஸ்காரரிடம் உயரப் பந்து கொடுத்து அவுட். எந்தக் காஸ்டியோ? ஃபவுலில் தப்பிய அதே காஸ்டியோ.

எட்டு ரன். ஃபவுல் விழுந்த நிமிடத்தில் ஸ்கோர் 3-0 என்பதைத் தாளின் தலையில் பெரிதாக எழுதி வையுங்கள்.

---

நாலாம்_பேஸ்:

பென்சில்_முனை எழுதியது சரி, ஆனால் கோன்சாலஸ் தலையில் கட்டுவதும் அதே வியாதிதானே? ஒருத்தரை இறக்கிவிட்டு இன்னொருத்தரை ஏற்றுகிறோம்.

நான் பார்க்கச் சொல்வது மைதானத்தின் ஓரம். ஏழு இன்னிங்ஸில் மூன்றே ஹிட் கொடுத்தவர் பிரையர், உண்மை. ஆனால் அந்த மாலை அவர் எறிந்தது மொத்தம் 119 பந்து. அதே மாதம் பிரேவ்ஸ் அணிக்கு எதிராக 133. சீசன் முழுக்க 211⅓ இன்னிங்ஸ், வயது 23. காஸ்டியோவோடு நடந்த அந்த நீண்ட மல்லுக்கட்டு, அப்புறம் காட்டுப் பந்து, அப்புறம் 0-2-ல் அடிபடுகிற பந்து. இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்தால் கை தளர்வது தெரியும். கேட்சர் கையுறையை எங்கே காட்டுகிறார், பந்து எங்கே வந்து விழுகிறது என்பதை முதல் இன்னிங்ஸிலும் எட்டாவதிலும் ஒப்பிட்டாலே போதும். மேனேஜர் டஸ்டி பேக்கர் ஸ்கோர் சமமாகும் வரை அவரை மாற்றவில்லை. ஃபவுல் விழுந்த பிறகாவது யாராவது பிட்சர் மேட்டுக்கு நடந்துபோய் ஒரு நிமிடம் மூச்சு வாங்க விட்டார்களா என்று ஒளிபரப்பில் தேடுங்கள்.

---

பென்சில்_முனை:

நாலாம்_பேஸ், கை தளர்ந்தது என்பதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். கப்ரேராவுக்குப் போட்ட பந்து தரைப்பந்து வாங்கிக்கொடுத்த பந்து. தளர்ந்த கை அதைச் செய்யாது என்றில்லை, ஆனால் பிட்சர் தன் வேலையை முடித்த பந்து அது. தவிர, 2003-ல் 119 என்பது இன்று படிக்கும் 119 அல்ல. அன்றைக்கு ஏஸ் பிட்சரை (அணியின் முதன்மைப் பிட்சரை) மூன்று ரன் முன்னிலையில் எட்டாவதில் தூக்கியிருந்தால் ஊரே கேட்டிருக்கும்.

அலூ பற்றி ஒரு வரி: பிடித்திருக்க மாட்டேன் என்று அவரே பின்னொரு நாள் சொன்னதாக 2008-ல் செய்தி வந்தது, அப்புறம் அதை மறுத்தும் பேசினார். ஆகவே ‘கட்டாயம் பிடித்திருப்பார்’ என்று அடித்துச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். நல்ல வாய்ப்பு இருந்தது, அவ்வளவே.

---

பழைய_ஷே:

1986 பற்றி. கிப்னி பாஸ்டன் ரெட் சாக்ஸ் ரசிகர், அதனால் கதை அவர் வீட்டிலிருந்து தொடங்குகிறது. ஆனால் சொந்தப் பாசத்துக்காக மட்டும் வைத்தது போல எனக்குத் தெரியவில்லை. இரண்டு இன்னிங்ஸுக்கும் ஒற்றுமை நிறைய.

1986 அக்டோபர் 25, நியூயார்க் ஷே ஸ்டேடியம், உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். பாஸ்டனும் தொடரில் 3-2 முன்னிலை. பத்தாவது இன்னிங்ஸில் 5-3, மெட்ஸுக்கு இரண்டு அவுட் ஆகிவிட்டது, பேஸில் யாரும் இல்லை. கார்ட்டர் சிங்கிள், மிட்செல் சிங்கிள், ரே நைட் சிங்கிள். நைட் அடித்தபோது எண்ணிக்கை என்ன தெரியுமா? 0-2. ரோட்ரிகஸ் மாதிரியேதான். 5-4. பிறகு பாஸ்டன் பிட்சராக பாப் ஸ்டான்லி வந்து மூக்கி வில்சனுக்கு எறிந்த ஏழாவது பந்து காட்டுப் பந்து, மிட்செல் ஓடிவந்து 5-5. பத்தாவது பந்துதான் பாஸ்டனின் முதல் பேஸ்காரர் பில் பக்னரின் காலிடுக்கில் புகுந்தது.

அதாவது பக்னர் பந்தை விட்டபோது முன்னிலை ஏற்கெனவே போய்விட்டது. அவர் அதைப் பிடித்திருந்தாலும் ஆட்டம் 5-5, பதினோராவது இன்னிங்ஸ். முந்தைய வெற்றிகளில் கடைசி நேரத்தில் அவருக்குப் பதில் டேவ் ஸ்டேப்பிள்டனை இறக்குவது வழக்கம், அன்று மேனேஜர் ஜான் மெக்னமாரா இறக்கவில்லை. அதையும் மறந்து, 2,715 ஹிட் அடித்த மனிதரை ஒரு பந்தாக்கிவிட்டார்கள்.

ஒரு வேறுபாடு. பக்னர் ஆட்டக்காரர், அவருக்கு 2008-ல் ஃபென்வே பார்க்கில் முதல் பந்து எறிய அழைப்பு வந்தது, அரங்கமே எழுந்து நின்றது. ரிக்லியில் உட்கார்ந்திருந்தவர் காதில் ரேடியோ மாட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்தவர். அன்று ரிக்லியில் வீடியோ திரை கிடையாது. உள்ளே இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று சரியாகத் தெரியாது, ஃபாக்ஸ் தொலைக்காட்சி திரும்பத் திரும்பப் போட்டதை வெளியே பார்த்தவர்கள் மூலம்தான் விஷயம் இருக்கைகளுக்குப் பரவியது. படத்தில் அந்தப் பகுதியைக் கவனியுங்கள்: கூச்சல் உடனே எழவில்லை, பிறகுதான் எழுகிறது. ரன்கள் ஏற ஏற அது வளர்வதையும் கேட்கலாம். பீர் கோப்பைகள் பறப்பதும், காவலர்கள் அவரை அழைத்துப்போவதும் அதற்கு அப்புறம்.

---

மேல்வரிசை:

எல்லாருக்கும் நன்றி. தாள் அச்சடித்துவிடுகிறேன். ஒரு சந்தேகம்: படத்தை முதலில் போடுவதா, ஒளிபரப்பையா? ஏழாவது ஆட்டத்தையும் சேர்க்கலாமா?

---

கோட்டுக்கு_வெளியே:

ஒளிபரப்பு முதலில். படத்தை முதலில் பார்த்துவிட்டால் ஃபவுல் வரும்போதே எல்லாரும் ‘இதோ!’ என்று கத்திவிடுவார்கள், அப்புறம் கப்ரேராவின் பந்தை யாரும் பார்க்க மாட்டார்கள். வர்ணனை ஒலியைக் குறைத்துவிடுங்கள். ஃபவுலை முதல் முறை இயல்பு வேகத்தில் மட்டும் காட்டுங்கள், மெதுவோட்டம் வேண்டாம். மெதுவோட்டத்தில் அந்த ரசிகருக்கு யோசிக்க நேரம் இருந்தது போல ஒரு பொய்த்தோற்றம் வரும்.

ஏழாவது ஆட்டம் முழுக்க வேண்டாம். ஸ்கோர் வரிசையைச் சொன்னால் போதும்: மறுநாள் அதே மைதானம், மார்லின்ஸ் முதல் இன்னிங்ஸில் 3, கப்ஸ் பிட்சர் கெர்ரி வுட் தானே ஹோம்ரன் அடித்துச் சமன் செய்கிறார், மூன்றாவதில் அலூவின் ஹோம்ரனில் கப்ஸ் 5-3. ஐந்தாவதில் மார்லின்ஸ் மூன்று ரன் எடுத்து 6-5, கடைசியில் 9-6. அன்று ரசிகர் யாரும் குறுக்கே வரவில்லை.

---

பென்சில்_முனை:

படம் 2011-ல் நின்றுவிடும், அதனால் முடிந்ததும் யாராவது கேட்பார்கள். கப்ஸ் 2016 நவம்பர் 2-ல் கிளீவ்லாந்தில் பத்து இன்னிங்ஸ் ஆடி 8-7 என்று உலகத் தொடரை ஜெயித்தார்கள். அடுத்த ஆண்டு அணி அந்த ரசிகருக்கு ஒரு சாம்பியன் மோதிரம் கொடுத்தது. பந்து என்னாயிற்று என்றும் கேட்பார்கள்: 2003 டிசம்பர் ஏலத்தில் ஒரு சிகாகோ உணவகத்தார் 1,13,824 டாலர் சொச்சத்துக்கு வாங்கி, 2004 பிப்ரவரியில் பொதுவெளியில் தூள்தூளாக்கினார்கள்.

தாளில் மூன்றாவது கட்டத்தில் ஃபவுலுக்குக் கோடு போட இடம் விடுங்கள். இல்லாவிட்டால் காஸ்டியோ பெயருக்குக் கீழே ‘நடை’ என்று மட்டும்தான் இருக்கும்.