கோலிசிஸ்டோகைனின் பற்றி ஒரு சந்தேகம், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. உடலியங்கியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். வெறும் வயிற்றில் ஏறத்தாழ 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒருமுறை மோட்டிலின் என்ற குடல் ஹார்மோன் ரத்தத்தில் உயர்கிறது. அப்போது இரைப்பையில் பலமான சுருக்க அலை கிளம்பி, மிச்சமீதியைத் துடைத்துக்கொண்டு சிறுகுடல் வழியே கீழே போகிறது. இதுவரை சரி. சாப்பிட்டதும் அந்த அலை நின்றுவிடுகிறது. கொழுப்பு முன்சிறுகுடலை எட்டியதும் கோலிசிஸ்டோகைனின் என்ற இன்னொரு குடல் ஹார்மோன் சுரந்து பித்தப்பையைச் சுருக்குகிறது, இரைப்பை காலியாவதையும் தாமதப்படுத்துகிறது.

என் கேள்வி இதுதான்: அந்தத் தாமதத்தில் மூளையையும் இரைப்பை, குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் பங்கு எவ்வளவு, தசைமீது ஹார்மோனின் நேரடி வேலை எவ்வளவு? முதலாண்டு நர்சிங் மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும், அரைகுறையாகச் சொல்ல மனமில்லை. எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மோட்டிலின் ஏற்பியைத் தூண்டி இரைப்பையை அசைக்கிறதே, அதுபோல கோலிசிஸ்டோகைனினுக்கும் ஒரு மருந்து உதாரணம் இருந்தால் சேர்த்துச் சொல்லுங்கள்.