இரண்டரை அடி உயர மண்டபத்துக்குச் சாய்தளம்: பன்னிரண்டு அடி இடம் போதுமா?

படுவான்கரையான்

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பின் படுவான்கரையில் உள்ள எங்கள் கிராமத்தின் பல்தேவைக் கட்டடத்தைத் திருத்துவதற்குக் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு ஒரு சிறு தொகை கிடைத்திருக்கிறது. மார்கழி வெள்ளத்துக்குப் பயந்து எங்கள் பக்கத்தில் எதைக் கட்டினாலும் அத்திவாரத்தை உயர்த்திக் கட்டுவதே வழக்கம் என்பதால், மண்டபத்தின் விறாந்தை நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்தில், ஐந்து படிகளுடன் இருக்கிறது. சங்கக் கூட்டம், கிளினிக், நிவாரணப் பதிவு, வாக்களிப்பு எல்லாம் அங்கேதான் நடக்கின்றன.

கடந்த கூட்டத்துக்கு, பக்கவாதம் வந்த ஓர் அம்மாவைச் சக்கர நாற்காலியோடு நாங்கள் நாலு பேர் தூக்கி ஏற்றினோம். மேலே இறக்கி வைக்கும் வரை அவர் சேலைத் தலைப்பை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்களை மூடியே இருந்தார். அன்றைக்கே சாய்தளம் அமைப்பதென்று தீர்மானம் எடுத்துவிட்டோம். ஆனால் படிகளுக்கு முன்னால் வேலி வரை 12 அடிதான் இருக்கிறது. மேசன் அதற்குள்ளேயே போட்டுத் தருவதாகச் சொல்கிறார். பக்கவாட்டில் வேலி வரை 11 அடி இடமுண்டு. ஆனால் விறாந்தை முடியும் இடத்திலிருந்து பின்னோக்கி 22 அடி தள்ளி ஒரு வேப்பமரம் நிற்கிறது. மேசன் சொல்வதைக் கேட்கலாமா? சட்டத்தில் இதற்கு ஏதும் ஏற்பாடு இருக்கிறதா?

கல்முனைக் கட்டுநர்

ஐயா, 12 அடி போதாது. சாய்தளத்தின் நீளத்தை நிர்ணயிப்பது ஏற வேண்டிய உயரமே அன்றி மிஞ்சிக் கிடக்கும் இடமல்ல. பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓர் அங்குலம் உயர்வதற்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். உங்களுடைய 30 அங்குலத்துக்கு 30 அடி வரும். 12 அடிக்குள் அடக்கினால் சரிவு ஒன்றுக்கு ஐந்தைவிடவும் செங்குத்தாகிவிடும். அதில் தனியாக ஏறவும் முடியாது, இறங்கும்போது நாற்காலி ஆளையும் இழுத்துக்கொண்டு ஓடும்.

முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பக்கவாட்டைப் பாருங்கள். விறாந்தை முடியும் இடத்துக்கு நேராக வேலியோரம் தொடங்கி 15 அடி பின்னோக்கிச் செல்லுங்கள். அங்கே 5 அடிக்குச் சரிவில்லாத தளம் ஒன்று போட்டுத் திரும்பி, சுவரோரமாக இன்னும் 15 அடி ஏறினால் விறாந்தையோடு சேர்ந்துவிடும். மொத்தம் 20 அடியில் முடிவதால் மரத்தை வெட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு பாதைக்கும் 4 அடி அகலம் விட்டாலும், கரைக்கட்டுகளோடு 9 அடிக்குள் அடங்கும். கரைக்கட்டு 4 அங்குலமாவது உயர்ந்திருந்தால்தான் சில்லு விளிம்பைத் தாண்டி விழாது. இருபுறமும் ஏறத்தாழ 3 அடி உயரத்தில் ஜீ.ஐ. (நாகம் பூசிய இரும்பு) குழாயில் கைபிடி வைக்கலாம். மாபிள் பதிப்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். ஈரச் சீமெந்தின் மேல் தும்புத்தடியைக் குறுக்காக இழுத்துச் சொரசொரப்பாக விட்டால் மழையிலும் வழுக்காது.

மேசனின் வேலையைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. நேரான 4 அடிப் பலகையொன்றைச் சரிவின் மேல் வைத்து, நீர்மட்டக் கருவி சமம் காட்டும்வரை தாழ்ந்த முனையை உயர்த்துங்கள். அந்த முனைக்கும் தளத்துக்கும் இடையில் 4 அங்குலத்துக்கு மேல் இருந்தால் சரிவு கூடிவிட்டது என்று பொருள்.

உருளும் கால்கள்

நான் பதினைந்து வருடங்களாகச் சக்கர நாற்காலியில் இருப்பவன், வசிப்பது அக்கரைப்பற்றில். மேலே உள்ள அளவுகளில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சாய்தளம் தொடங்கும் இடம் வரை நான் எப்படி வருவது? நம் பகுதி முற்றங்கள் மணல் முற்றங்கள். முன்பக்கத்துச் சிறிய சில்லுகள் மணலில் புதைந்துவிட்டால், நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே படலையிலிருந்து சாய்தளம் வரை ஒரு கொங்கிறீற்றுப் பாதையையும் மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது மலசலகூடம். பெரும்பாலான மண்டபங்களில் அதன் கதவு இரண்டடி அகலத்தில், உட்பக்கம் திறப்பதாக இருக்கும். உள்ளே போக முடிந்தாலும் கதவைச் சாத்த முடியாது. நான் கூட்டங்களுக்குப் போகும் நாட்களில் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. கதவு 3 அடி அகலத்தில் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே நாற்காலி திரும்ப 5 அடிக்கு 5 அடி வெற்றிடமும், கொமட்டுக்கு அருகில் சுவரில் ஒரு பிடியும் வேண்டும். காசு போதாவிட்டால் மண்டபத்துக்கு வர்ணம் பூசுவதை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வையுங்கள்.

சட்டப்புள்ளி

சட்டம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபர் 17ஆம் திகதிய 1467/15ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வெளியாகின. ஏற்கெனவே இருந்த பொதுக் கட்டடங்களைத் திருத்துவதற்கு அவை கொடுத்த அவகாசம் மூன்று வருடங்கள். அது முடிந்து எவ்வளவு காலம் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். 2011 ஏப்ரல் 27ஆம் திகதி உயர் நீதிமன்றமும், இவ்விதிகளைப் புதிய பொதுக் கட்டடங்கள் பின்பற்ற வேண்டுமென உத்தரவிட்டது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 9ஆம் உறுப்புரை அணுகும் வசதியைப் பற்றியதே. பிரதேச சபைக்கும் பிரதேச செயலகத்துக்கும் கடிதம் எழுதும்போது, 'தயவுகூர்ந்து உதவுங்கள்' என்று மட்டும் நிறுத்திவிடாமல் இவ்விலக்கங்களையும் குறிப்பிடுங்கள்.

வெள்ளைப் பிரம்பு

எனக்குப் பார்வை இல்லை. உங்கள் பதிவுகளைத் தொலைபேசி வாசித்துக் காட்டக் கேட்டேன். கட்டுநர் அண்ணனிடம் ஒரு கேள்வி. மேல் பாதை சுவரோரமாகப் போகிறது என்றால், மண்டபத்தின் யன்னல்கள் எந்தப் பக்கம் திறக்கின்றன? நம் ஊர் மண்டபங்களில் பலகை யன்னல்கள் வெளிப்பக்கமே திறக்கும். நிலத்தில் நிற்பவரின் தலைக்கு மேலே இருந்த யன்னல், சாய்தளத்தில் ஏறியவரின் நெற்றிக்கு நேரே வந்துவிடும். பிரம்பு கீழே உள்ளதைத்தான் சொல்லும். மேலே நீட்டிக்கொண்டிருப்பதைச் சொல்லாது. ஒரு மண்டபத்தில் இப்படி அடிபட்டு எனக்குப் புருவத்தில் மூன்று தையல் போட்டார்கள்.

கல்முனைக் கட்டுநர்

உண்மைதான் தங்கச்சி, அதை நான் யோசிக்கவில்லை. அந்தப் பக்கத்து யன்னல்களைப் பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் வகைக்கு மாற்ற வேண்டும்.

படுவான்கரையான்

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை மேசனையும் அழைத்துக்கொண்டு போய் நூல் பிடித்து அளந்தோம். 20 அடி சரியாக வருகிறது. மரத்துக்கு இரண்டடி மிஞ்சுகிறது. சாய்தளம் போகும் நீளத்தில் யன்னல்கள் இரண்டு, இரண்டுமே வெளிப்பக்கம் திறப்பவை. அவற்றை மாற்றவும், படலையிலிருந்து பாதை போடவும் மதிப்பீட்டைத் திருத்தித் தருமாறு தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டிருக்கிறோம். வர்ணப்பூச்சை நிறுத்துவதற்குத் தலைவர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதைப் பேசுவோம். அந்த அம்மா வர முடியாது என்பதால், இம்முறை கூட்டத்தை மண்டபத்தில் வைக்காமல் வேப்பமரத்தின் கீழ் வைத்திருக்கிறோம்.