வீட்டிலிருந்தே தையல் தொழில்: எதைச் செலவாக எழுதலாம்?

ஊசிநூல்:
வணக்கம். வீட்டில் ஓர் அறையில் தையல் தொழில் தொடங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. வரவும் செலவும் என் சொந்த வங்கிக் கணக்கிலேயே ஓடுகின்றன. இப்போது வரிக்காகக் கணக்கு எழுத உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. புது ஓவர்லாக் மெஷினின் விலை முழுவதையும் இந்த வருடச் செலவில் எழுதலாமா? அதற்கு வாங்கிய கடனின் தவணை மொத்தமும் செலவுதானே? வாடகையில் எவ்வளவு காட்டலாம்? வருடம் முடிவதற்குள் நிறையத் துணி வாங்கிப் போட்டால் வரி மிச்சம் என்கிறாள் தோழி. வாங்கிவிடட்டுமா?

மரப்பட்டறை:
துணியை வாங்காதீர்கள், தேவை இருந்தால் தவிர. உங்கள் வரி விகிதம் 20 சதவீதம் என்றால், 100 செலவழித்தால் வரியில் குறைவது 20. மீதி 80 உங்கள் கையை விட்டுப் போனதுதான். அதிலும், சரக்கிருப்புக் கணக்கு வைக்க வேண்டிய முறையில் இருந்தால், அலமாரியில் கிடக்கும் துணி செலவே ஆகாது. தைத்து விற்ற பிறகுதான் அது செலவு.

தவணையில் வட்டி மட்டும்தான் செலவு. கடன் வந்தபோது அதை வருமானமாக எழுதவில்லையே, அதனால் திருப்பித் தரும் அசலும் செலவில்லை.

நான் அடிபட்டது வண்டிச் செலவுக் கணக்கில். எரிபொருளில் பாதி தொழிலுக்கு என்று மூன்று வருடம் குத்துமதிப்பாக எழுதிவந்தேன். வரித்துறை விசாரணையில் கேட்டது ஒன்றே ஒன்று: "பயணக் குறிப்பு எங்கே?" என்னிடம் இல்லை. நிஜமாகவே மரம் ஏற்றி ஓடிய வண்டி அது, ஆனாலும் மூன்று வருடம் எழுதிய அந்தச் செலவை ஏற்கவில்லை. பாக்கி வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்த்துக் கட்டினேன். அந்த அபராதத்தையும் செலவில் எழுத முடியாது. இப்போது வண்டியிலேயே ஒரு நோட்டு இருக்கிறது. தேதி, எங்கிருந்து எங்கே, யார் வேலைக்கு, எத்தனை கிலோமீட்டர். இறங்கும் முன் எழுதிவிடுவேன். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுவது பார்த்தாலே தெரிந்துவிடும்.

பேரேடு:
கணக்கு எழுதுவது என் தொழில். மெஷின் பல வருடம் உழைக்கும் பொருள், அதனால் பொதுவாக விலையைத் தேய்மானமாகப் பிரித்துத்தான் எழுதுவார்கள். ஐந்து வருடம் என்று வைத்தால் வருடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஒரு வரம்பு வரை முதல் வருடமே முழுதாகக் கழிக்கவிடும் நாடுகளும் உண்டு. உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள்.

வாடகைக்கு டேப்பை எடுத்து அளந்து பாருங்கள். வீடு 800 சதுர அடி, அறை 100 என்றால் எட்டில் ஒரு பங்கு. அறை தொழிலுக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள்.

நாளைக்கே தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். அதிலிருந்து வீட்டுக்கு எடுப்பதைச் சம்பளம் என்று எழுதிவிடாதீர்கள். தனி உரிமையாளருக்கு அது சொந்த எடுப்பு, செலவு ஆகாது.

ஊசிநூல்:
நன்றி. அளந்துவிட்டேன், ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. ஆனால் அதே அறையில்தான் மகள் படிக்கும் மேஜையும் இருக்கிறது. இன்னொரு கவலை: நூல் கடைப் பில்கள் பாதி வெளுத்துப்போய் எழுத்தே தெரியவில்லை.

பேரேடு:
மேஜையைக் கூடத்துக்கு மாற்றிவிடுங்கள், மாற்றிய நாளிலிருந்து கணக்கிடுங்கள். பில் அச்சாகும் அந்த வெப்பத்தாள் சூட்டிலும் வெளிச்சத்திலும் மங்கிவிடும். வாங்கிய அன்றே போட்டோ எடுங்கள். பழையவற்றுக்குக் கடையில் நகல் கேளுங்கள். வங்கிப் பதிவு பணம் போனதைக் காட்டும், வாங்கியது நூலா சேலையா என்று காட்டாது.

மரப்பட்டறை:
நகலை இந்த வாரமே கேளுங்கள். நான் போய்க் கேட்டபோது ஒரு கடையே மூடியிருந்தது.