விசிற் விசா முடியப்போகுது, கொம்பனி நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லுது. காசு கட்டலாமோ?

முரசுமோட்டை:
வணக்கம் உறவுகளே. நான் இப்ப அமீரகத்தில நிக்கிறன். விசிற் விசாவிலதான் வந்தது. ஒரு கொம்பனியில எடுத்திட்டினம், ஒஃபர் லெற்றரும் தந்திட்டினம். இப்ப சொல்லீனம், நாளைக்கே வேலையைத் தொடங்கட்டாம், விசா பிறகு அடிக்கலாமாம், அதுக்கு 3500 திர்ஹாம் கட்டட்டாம், பாஸ்போட்டையும் கொண்டுவந்து ஒப்படைக்கட்டாம். விசிற்றும் முடியப்போகுது. அம்மாவின்ர நகையை அடகு வைச்சு வந்தது, திரும்பிப் போகேலாது. தெரிஞ்ச ஆக்கள் கெதியாச் சொல்லுங்கோ.

அக்கராயன் குளக்கட்டு:
தம்பி, விசிற்றில வெளிக்கிட்டதே பிழை. வேலைக்குப் போறதெண்டால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதிஞ்சுபோட்டுத்தான் பிளேன் ஏறோணும். அதுக்கெண்டு 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கு. ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கெண்டு சொன்னால் அதோட விடப்படாது. நீ போற கொம்பனிக்கும் நீ செய்யப்போற வேலைக்கும் பணியகம் அனுமதி குடுத்திருக்கோ எண்டு பாக்கோணும். வேற ஒரு வேலைக்குக் கிடைச்ச அனுமதியைக் காட்டித்தான் காசு வாங்குவாங்கள். பிரதேச செயலகத்திலயே இதுக்கெண்டு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். இல்லாட்டி 1989க்கு அடிச்சுக் கேக்கலாம். ஊருக்குள்ள மோட்டச்சைக்கிளில வாற சப் ஏஜென்ற்மாருக்கு ஒரு அதிகாரமும் இல்லை. ரசீதும் தரமாட்டாங்கள்.

மல்லாவிச் சந்தி:
அண்ணை, பெடியன் போய் இறங்கியாச்சு. இப்ப இதைச் சொல்லி என்ன பிரயோசனம்?

தம்பி, காசு கட்டாத. அமீரகத்தின்ர 2021ஆம் ஆண்டு 33ஆம் இலக்கத் தொழில் சட்டம், 6ஆம் பிரிவு. ஆளெடுக்கிற செலவு, விசாச் செலவு எல்லாம் முதலாளியின்ர தலையில. நேரடியாவும் வாங்கேலாது, சம்பளத்தில வெட்டியும் எடுக்கேலாது. அதே சட்டத்தின்ர 13ஆம் பிரிவில தொழிலாளியின்ர ஆவணங்களைப் பிடிச்சு வைக்கப்படாது எண்டும் கிடக்கு. பாஸ்போட் உன்ர பொக்கற்றில இருக்கட்டும்.

நெடுங்கேணி:
சட்டம் கதைக்கிறது சுகம். அங்க போய் 6ஆம் பிரிவு எண்டால், அடுத்த வரிசையில நிக்கிற நேபாளியைக் கூப்பிடுவான். கட்டி, ரசீது வாங்கி வைச்சிரு. அதோட இன்னொண்டு: உள்ளுக்க இருந்துகொண்டு விசா மாத்தேலாது. ஓமானுக்குப் போய்த் திரும்பி வரோணும். அதுக்கும் காசு எடுத்து வை.

வற்றாப்பளை:
ஓமானுக்குப் போகத் தேவையில்லை. விசிற்றில நிக்கிற ஆளுக்கு உள்ளுக்க இருந்தே நிலை மாத்தம், அதாவது விசிற்றில இருந்து வேலை விசாவுக்கு மாறிறது, செய்யலாம். கொம்பனி உள்நுழைவு அனுமதிக்குப் போடேக்க "நாட்டுக்குள்ள" எண்டு போடோணும், அவ்வளவுதான். "வெளிய" எண்டு போட்டுட்டால்தான் ஒண்டில் வெளிய போய் வரோணும், இல்லாட்டி நிலை மாத்தத்துக்குத் தனியாக் கட்டோணும். நெடுங்கேணி அண்ணை சொல்லிறது அந்த ரண்டாவது கேஸ்.

காசு கட்டி ரசீது வாங்கு எண்டிறதும் சரிவராது. கொம்பனிப் பேரில அந்த ரசீது வராது. தந்தால் அவைக்கு எதிரான சாட்சி அதுவே.

தருமபுரம் அக்கா:
இந்த நாட்டுப் பெடியள் ஏன் இன்னும் வளைகுடாவுக்கே ஓடுறியள்? என்ர தம்பியை லண்டனுக்குக் கெயார் (முதியோர், நோயாளரைப் பராமரிக்கிற) வேலைக்கு எடுக்கலாம் எண்டு ஒரு ஆள் கிளிநொச்சியில 45 லட்சம் கேக்கிறார். அதைப் பற்றியும் ஆராவது சொல்லுங்கோவன்.

மல்லாவிச் சந்தி:
அக்கா, ஒரு சதமும் குடுக்காதேங்கோ. பிரித்தானியாவில கெயார் வேலைக்கு வெளிநாட்டில இருந்து புதுசா ஆளெடுக்கிற வழி 2025 ஜூலை 22ஆம் திகதியோட பூட்டியாச்சு. அதே நாளில இருந்து மற்ற ஸ்கில்ட் வேர்க்கர் (திறன் வேலைக்காரர்) விசாவுக்குப் பொதுச் சம்பள எல்லை வருசம் 41,700 பவுண். வேலையும் பட்டதாரித் தரத்துக்கு ஏத்தியாச்சு. ஸ்பொன்சர் சான்றிதழுக்கெண்டு, அதாவது முதலாளி ஆளெடுக்கிறன் எண்டு குடுக்கிற பத்திரத்துக்கெண்டு, உங்களிட்டக் காசு கேக்கிற ஆள் கள்ளன். அந்தக் கட்டணத்தைத் தொழிலாளியிட்ட இருந்து அறவிட அங்கத்தைச் சட்டத்தில இடமில்லை.

அக்கராயன் குளக்கட்டு:
45 லட்சமோ! அந்தக் காசுக்கு இஞ்ச உழவு மெசின் எடுத்து விடலாம். வன்னியில இப்ப புரோக்கர்மார்தான் கூடிப்போச்சினம். முந்தி போலந்து, பிறகு ருமேனியா, இப்ப செர்பியா எண்டு கொண்டு திரியிறாங்கள்.

நெடுங்கேணி:
நெல்லுக்கு விலை இருந்தால் ஏன் அண்ணை பெடியள் ஓடுறாங்கள்? யானை பாதி, கமத்தொழில் கடன் மீதி. நீங்கள் உழவு மெசின் எடுத்து விட்டால் ஆற்ற வயலில ஓட்டிறது?

பாண்டியன்குளம்:
நாங்கள் வந்த காலத்தில சவூதிப் பாலைவனத்தில ஒரு கொன்ரெய்னருக்குள்ள பன்ரண்டு பேர், ஏசி கிடையாது...

விசுவமடு ரைப்பிங்:
அண்ணை, அதைப் பிறகு கதைப்பம். முரசுமோட்டை, நீ முக்கியமான ஒண்டையும் சொல்லேல்லையே. எந்த எமிரேற்? கொம்பனி ஃபிரீஸோனோ (தனி நிர்வாகம் உள்ள வர்த்தக வலயம்), மெயின்லாண்டோ (அந்த வலயங்களுக்கு வெளிய)? விசிற் என்ன திகதி முடியுது? விசா எடுத்துத் தந்தது ஆர்? என்ன வேலை? லெற்றரை ஆர் தந்தது, எந்தப் பாசையில கிடக்கு? இது தெரியாமல் இஞ்ச ஆர் சொல்லிறதும் குருட்டுக் கதைதான்.

முரசுமோட்டை:
மன்னிக்கோணும் அண்ணை. கொம்பனி சார்ஜாவில, தொழிற்பேட்டைப் பக்கம். ஃபிரீஸோன் இல்லையெண்டு சொன்னவை. விசா துபாய் விசா, ஒரு ட்ரவல்ஸால எடுத்தது. வாற ஞாயிறு முடியுது. வேலை வெல்டர். கிளிநொச்சி அறிவியல் நகர் ஜேர்மன்ரெக் தொழிற்பயிற்சி நிறுவனத்தில படிச்சு என்விகியூ 4 (தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்) இருக்கு. லெற்றர் கொம்பனித் தாளில இங்கிலீசில மட்டும், சீல் குத்தியிருக்கு. மாதச் சம்பளம் மொத்தம் 1800 திர்ஹாம், அதில அடிப்படை 800. ஓஎல் சேர்ட்டிபிக்கற்றையும் கேக்கினம், அது 2009இல இடம்பெயரேக்க அழிஞ்சு போச்சு.

விசுவமடு ரைப்பிங்:
இப்பதான் விசயம் விளங்குது. ஒவ்வொண்டாச் சொல்லிறன்.

உன்னட்டக் கிடக்கிறது ஒஃபர் லெற்றர் இல்லை. மெயின்லாண்ட் கொம்பனியெண்டால் ஒஃபர் மனிதவள அமைச்சின்ர சிஸ்டத்தில இருந்துதான் வரும். நம்மட ஆக்கள் மோஹ்ரே எண்டு சொல்லிறது அந்த அமைச்சைத்தான். அதில அரபு, இங்கிலீஸ், அதோட தொழிலாளிக்கு விளங்கிற மூண்டாவது பாசையும் இருக்கும். அந்தப் பட்டியலில தமிழும் கிடக்கு, கேட்டு வாங்கலாம். விண்ணப்ப இலக்கமும் கொம்பனி இலக்கமும் மேல அச்சிட்டிருக்கும். அந்த ரண்டையும் மோஹ்ரேயின்ர ஆப்பில போட்டுப் பார். விபரம் வந்தால் உண்மை. ஒண்டும் வராட்டி அது வெறும் கடுதாசி. சீல் குத்தினதுக்கு இஞ்ச ஒரு பெறுமதியும் இல்லை, எந்தக் கடையிலயும் சீல் வெட்டலாம்.

ஃபிரீஸோன் எண்டால் இந்தக் கதை வேற. அங்க வேலை அனுமதி அந்த ஸோன் நிர்வாகத்தால வரும், மோஹ்ரேயில தேடினால் கிடையாது. உனக்கு அது இல்லை.

கையெழுத்து வைக்க முதல் அடிப்படைச் சம்பளத்தைப் பார். 1800இல 800தான் அடிப்படை எண்டு போட்டிருக்கிறாங்கள். சேவை முடியேக்க குடுக்கிற பணிக்கொடை முதல் அஞ்சு வருசத்துக்கு வருசத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். 800 எண்டால் வருசத்துக்கு 560 திர்ஹாம். 1200 எண்டால் 840. ஓவர்டைமும் அடிப்படையிலதான் கணக்கு, மணித்தியாலச் சம்பளத்தோட 25 சதவீதம் கூட, இரவு 10 மணியில இருந்து விடிய 4 மணி வரைக்கும் 50 சதவீதம். வெல்டர் வேலையில ஓவர்டைம்தான் வருமானம். அதால 1200 கேள். தராட்டியும் கேட்டுப் பாக்கிறதில நட்டமில்லை.

அடுத்தது ஒழுங்கு. நீ அமைச்சின்ர ஒஃபரில கையெழுத்து வைக்கிறாய். அமைச்சு வேலை அனுமதிக்கு ஆரம்ப ஒப்புதல் குடுக்கும், கொம்பனி காசு கட்டும். பிறகு உள்நுழைவு அனுமதி. அதில நிலை மாத்தம். அதுக்குப் பிறகு மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடிக்கு (அமீரக அடையாள அட்டை) கைரேகை, ஒப்பந்தம், கடைசியா இருப்பிட விசா. நிலை மாத்தம் முடியும்வரைக்கும் நீ விசிற்காரன்தான். அதுக்கு முதல் ஒரு மணித்தியாலமும் வேலை செய்யாத. 2024இல சட்டத்தைத் திருத்தி, அனுமதியில்லாமல் வேலை வாங்கிற முதலாளிக்கு ஒரு லட்சத்தில இருந்து பத்து லட்சம் திர்ஹாம்வரை தண்டம் எண்டு போட்டாச்சு. பரிசோதனைக்கு வந்தால் அவன் தண்டம் கட்டுவான், நீ நாடுகடத்தப்படுவாய். அதோட அமைச்சின்ர பதிவில நீ இல்லாதபடியால் வேலை செய்த காசையும் வங்கி வழியா வாங்கேலாது.

திகதிதான் இப்ப அவசரம். விசிற் முடிஞ்ச அடுத்த நாளில இருந்து ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் தண்டம். முந்தி இருந்த 10 நாள் சலுகை இப்ப இல்லை. தண்டத்தைவிடப் பயம், விசா எடுத்துத் தந்த ட்ரவல்ஸ்காரன் நீ தலைமறைவு எண்டு முறைப்பாடு போட்டுடுவான். போட்டால் கொம்பனியின்ர விண்ணப்பமும் நகராது. அதால இண்டைக்கே ட்ரவல்ஸோட கதைச்சு 30 நாள் நீடிப்புக்குக் கேள். வெள்ளி அரைநாள், சனி ஞாயிறு லீவு. வியாழனுக்குள்ள விண்ணப்பம் போயிருக்கோணும். நீடிப்புக் காசு உன்ர செலவு, அதைக் கொம்பனியிட்டக் கேக்கேலாது. உன்னது துபாய் விசா எண்டபடியால் நீடிப்பு வந்துதோ எண்டு ஜிடிஆர்எஃப்ஏ, அதாவது துபாய் குடிவரவுத் திணைக்கள இணையத்தில பார். மற்ற எமிரேற் விசாவெண்டால் ஐசிபி எண்ட கூட்டாட்சிக் குடிவரவு அதிகார சபையின்ர இணையம்.

பாஸ்போட் கேட்டால் கொப்பியும் வெள்ளைப் பின்னணிப் படமும் குடு. இப்ப பாஸ்போட்டில விசா ஸ்டிக்கர் ஒட்டிறேல்ல, 2022இல நிப்பாட்டியாச்சு. எமிரேட்ஸ் ஐடிதான் இருப்பிட ஆதாரம். அதால அசலை வாங்கி வைக்க ஒரு காரணமும் கிடையாது.

மல்லாவிச் சந்தி:
ஓஎல் சேர்ட்டிபிக்கற் விசயத்தையும் சொல்லுங்கோவன்.

விசுவமடு ரைப்பிங்:
வெல்டர் எண்டு பதவி போட்டால் பெரும்பாலும் படிப்புச் சான்றிதழ் கேக்கிறேல்ல. சூப்பர்வைசர், டெக்னீசியன் எண்டு போட்டால்தான் கேப்பினம். ஒஃபரில என்ன பதவி எண்டு முதலில பார். செய்யிற வேலையும் பதவியும் ஒண்டா இருக்கோணும். ஹெல்ப்பர் எண்டு போட்டு வெல்டிங் செய்விச்சால் பிறகு சம்பளப் பிணக்கில நீதான் தோப்பாய்.

தேவைப்பட்டால், ஓஎல் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்தில ஒன்லைனில விண்ணப்பிச்சு எடுக்கலாம். சுட்டிலக்கம் மறந்தால் படிச்ச பள்ளிக்கூடத்தில கேள், வன்னியில கனபேருக்கு இதே பிரச்சினை. என்விகியூவை மூன்றாம் நிலைக் கல்வி ஆணைக்குழு உறுதிப்படுத்தோணும். பிறகு வெளிவிவகார அமைச்சின்ர கொன்சியூலர் பிரிவு. அதுக்குக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை, யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில பிராந்திய அலுவலகம் இருக்கு. வீட்டுக்காரர் போகலாம். அதுக்குப் பிறகுதான் கொழும்பில அமீரகத் தூதரகம், கடைசியா இஞ்ச அமீரகத்தின்ர வெளிவிவகார அமைச்சு. இந்த ஒழுங்கு மாறினால் திருப்பி அனுப்புவினம்.

உடையார்கட்டு:
இடையில ஒரு கேள்வி. என்ர மச்சானும் அங்க மெடிக்கலுக்குப் போகோணும். நெஞ்சுக்குக் கிட்ட செல் (எறிகணை) துண்டு கிடக்கு, எடுக்கேலாது எண்டு டொக்ரர் சொன்னவர். எக்ஸ்ரேயில தெரியும். பிரச்சினை வருமோ?

வற்றாப்பளை:
மெடிக்கலில முக்கியமாப் பாக்கிறது எச்ஐவியும் காசநோயும். நெஞ்சு எக்ஸ்ரே காசநோய்க்கு. இரும்புத் துண்டு வேற மாதிரி, பளிச்செண்டு வெள்ளையாத் தெரியும், நுரையீரல் தழும்போட குழம்பாது. ஆனால் பாக்கிற ஆள் கேள்வி கேக்கலாம். கிளிநொச்சி அல்லது வவுனியா ஆசுப்பத்திரியில இருந்து இங்கிலீசில ஒரு கடிதமும் பழைய எக்ஸ்ரேயும் கொண்டு போகச் சொல்லு. என்ன காயம், எந்த வருசம், எந்த இடத்தில கிடக்கு, இப்ப நோய் இல்லை. இவ்வளவும் எழுதியிருந்தால் காணும். முந்திக் காசநோய்க்கு மருந்து எடுத்திருந்தால் அதை ஒளிக்கப்படாது, அந்தக் கிளினிக் அட்டையும் வேணும்.

அக்கராயன் குளக்கட்டு:
சரி, நான் ஏசினது ஏசினதுதான். ஆனால் இதையும் கேள் தம்பி. இருப்பிட விசா கிடைச்சாப் பிறகு பணியகப் பதிவை விட்டிடாத. லீவில ஊருக்கு வந்து திரும்பேக்க கட்டுநாயக்காவில பணியகக் கவுண்டரில மறிப்பினம். ஒப்பந்தக் கொப்பி, எமிரேட்ஸ் ஐடி ரண்டும் கையில இருக்கோணும். காப்புறுதியும் அந்தப் பதிவோடதான் வரும்.

முரசுமோட்டை:
எல்லாருக்கும் நன்றி. ட்ரவல்ஸோட கதைச்சன், நீடிப்புக்குப் போடுறன் எண்டவர். கொம்பனி எச்ஆருக்கு அமைச்சு ஒஃபர் வேணும் எண்டு எழுதினன். "காசு கட்டினால் அமைச்சு ஒஃபர் வரும்" எண்டு பதில் போட்டவர்.

விசுவமடு ரைப்பிங்:
அந்தப் பதிலை அழிக்காத, படம் எடுத்து வை. காசு கேட்டதுக்கு உன்னட்ட இருக்கிற எழுத்துச் சாட்சி அதுதான். மோஹ்ரே 600590000, முறைப்பாட்டுக்கு 80084. ஆனால் முறைப்பாடு போட முதல் எச்ஆரைத் தாண்டி பிஆர்ஓவோட கதைச்சுப் பார். அமைச்சில விண்ணப்பம் போடுறவர் அவர்தான். சில இடங்களில காசு கேக்கிறது எச்ஆரின்ர சொந்தச் சுத்துமாத்து, முதலாளிக்கே தெரியாது. பிஆர்ஓவும் அதே கதையைக் கதைச்சால் விடு, வேற கொம்பனி பார். நீடிச்ச 30 நாள் அதுக்குத்தான்.

வேலை சேர்ந்தாப் பிறகு உன்ர கையால கட்ட வேண்டிய ஒண்டு இருக்கு: வேலையிழப்புக் காப்புறுதி, அடிப்படை 16,000க்குக் கீழ எண்டால் மாதம் 5 திர்ஹாம். அதில பதியாட்டி 400 திர்ஹாம் தண்டம். அதை மட்டும் மறந்திடாத.