சர்வரில் நினைவகக் கசிவு: வாராவாரம் மறுதொடக்கம் போதுமா, மூலத்தைத் தேட வேண்டுமா?

நூல்கணக்கன் (திருப்பூர்):
எங்கள் பின்னலாடை நிறுவனத்தின் லினக்ஸ் சர்வரில் 8 ஜிபி நினைவகம் உள்ளது. அதில் பாதியைத் தரவுத்தளம் எடுத்துக்கொள்கிறது. எடுத்த நினைவகம் விடுவிக்கப்படாமல் எங்கோ கசிந்து, மூன்று வாரத்திற்கு ஒருமுறை மீதியும் வற்றிப்போய், கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓஓஎம் கில்லர், அதாவது நினைவகம் தீர்ந்தால் ஏதாவதொரு நிரலை நிறுத்தும் பகுதி, தரவுத்தளத்தையே நிறுத்திவிடுகிறது. சென்ற முறை அட்டைப்பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்கும் நேரத்தில் இது நடந்தது. தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டிய லாரி வாசலிலேயே நின்றது. நிரல்கள் எடுக்கும் நினைவகத்தைக் காட்டும் டாப் கட்டளையில் பார்த்தால் எந்த நிரலின் அளவும் கூடவில்லை. ஞாயிறுதோறும் தானாக மறுதொடக்கம் ஆகும்படி வைத்துவிடச் சொல்கிறார் முதலாளி. எனக்கு மனம் ஒப்பவில்லை.

வாய்க்கால்கரை (ஈரோடு):
முதலாளி சொல்வதே சரி. ஞாயிற்றுக்கிழமை ஓட்டமில்லாத சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்வதால் யாருக்கும் நட்டமில்லை. கர்னலுக்குள் இறங்கித் துழாவத் தனி ஆள் வைக்கும் அளவுக்கு நம் ஊர் நிறுவனங்களுக்கு வசதி கிடையாது. எங்கள் மஞ்சள் மண்டி சர்வரை இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான் ஓட்டுகிறேன்.

கரூர்த்தறி:
கேச்சைக் காலிசெய்யக் கர்னலிடம் சொல்லும் டிராப் கேச்சஸ் கோப்பில் 3 என்று எழுதிப் பார்த்தீர்களா?

பீளமேட்டான் (கோவை):
கரூர் நண்பரே, வேகத்துக்காகக் கோப்புகளின் நகலை வைத்திருக்கும் இடம்தான் கேச்; அங்குள்ள, எப்படியும் விடுவிக்கக்கூடிய நினைவகத்தை மட்டுமே அந்தக் கட்டளை விடுவிக்கும். கசிந்த நினைவகத்தைக் கர்னல் இன்னும் பயன்பாட்டில் உள்ளதாகவே கருதுவதால், அதை இந்தக் கட்டளை தொடவே தொடாது.

திருப்பூர்த் தம்பிக்கு: நிரல்களின் அளவு கூடாமல் நினைவகம் மட்டும் குறைகிறது என்றால், முதலில் கர்னலைத்தான் சந்தேகிக்க வேண்டும். நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோ கோப்பில் ‘எஸ்அன்ரீக்ளைம்’ என்றொரு வரி இருக்கும். கர்னல் தன் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொண்ட, கேட்டாலும் திரும்பத் தர இயலாத சிறு துண்டுகளின் மொத்த அளவு அது. அதைக் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். அதுவரை மறுதொடக்கம் வேண்டாம். செய்தால் தடயம் அத்தனையும் அழிந்துவிடும்.

நூல்கணக்கன்:
குறித்தேன். பகலில் எண் அசையவே இல்லை. ஆலை மூடிய பிறகு, ஒவ்வோர் இரவிலும் ஏறக்குறைய 130 எம்பி கூடுகிறது. சனி இரவு முதல் திங்கள் காலை வரை 400 எம்பி கூடியிருக்கிறது. அந்தத் துண்டுகளை வகைவாரியாகக் காட்டும் ஸ்லாப்டாப் கருவியில் ‘கேமல்லாக்-256’ (256 பைட் துண்டுகள்) என்ற வரி மட்டும் வளர்கிறது. வேலை இல்லாத நேரத்தில் ஏன் கசிய வேண்டும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

பீளமேட்டான்:
இரவு எட்டு மணிக்கு எதை அணைக்கிறீர்கள்?

நூல்கணக்கன்:
நூல் எடை போடும் ஆறு தராசுகளை அணைக்கிறோம். அவை ஒரு சீரியல் போர்ட் கார்டு வழியாகச் சர்வரோடு இணைந்துள்ளன. ஒவ்வொரு தராசிடமும் விநாடிக்கு இருமுறை எடை கேட்கும் நிரல் மட்டும் இரவிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. கார்டின் டிரைவரை (கார்டைக் கர்னலோடு பேசவைக்கும் நிரல்) அதை விற்றவர்கள் மூலநிரலோடு தந்தார்கள்.

பீளமேட்டான்:
கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு தராசு, விநாடிக்கு 12 கேள்வி. 12 மணி நேரத்தில் 5,18,400 கேள்விகள். கேள்விக்கு 256 பைட் வீதம் தொலைந்தால் ஓர் இரவுக்கு 13 கோடி பைட்டுக்கு மேல், அதாவது உங்கள் 130 எம்பி. வார இறுதியின் 36 மணி நேரம் இதைப்போல் மூன்று மடங்கு. உங்கள் 400 அங்கே வந்துவிடுகிறது. தராசு பதில் தராதபோது, கேள்விக்காக எடுத்த நினைவகத்தை விடுவிக்காமலேயே டிரைவர் திரும்புகிறது என்று நினைக்கிறேன்.

இதை உறுதிசெய்யக் கேமெம்லீக் உதவும். 2009-இல் வெளிவந்த 2.6.31 பதிப்பிலிருந்து அது கர்னலின் மூலநிரலிலேயே உள்ளது. எந்தச் சுட்டியும் (துண்டின் முகவரியைக் குறித்து வைத்திருப்பது) காட்டாமல் அநாதையாகக் கிடக்கும் துண்டுகளைப் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை தேடி, அவற்றை எந்தச் செயற்கூறு (ஃபங்ஷன்) எடுத்தது என்பதோடு பட்டியலிடும்.

வாய்க்கால்கரை:
இங்கேதான் நான் மறுக்கிறேன். லினக்ஸ் விநியோகங்கள் ஆயத்தமாகக் கட்டித் தரும் கர்னல்களில் பொதுவாகக் கேமெம்லீக் சேர்க்கப்படுவதில்லை. கர்னலைப் புதிதாகக் கட்ட வேண்டும், வேகமும் குறையும், நல்ல துண்டையே கசிவென்று அது தவறாகக் காட்டுவதும் உண்டு. ஏற்றுமதி நடக்கும் சர்வரில் இதைச் செய்யச் சொல்வது பொறுப்பான யோசனை அல்ல. டிரைவரை இறக்கி ஏற்றினால் போதாதா?

பீளமேட்டான்:
போதாது. டிரைவரை இறக்கினாலும் அது விடுவிக்காத துண்டுகள் கர்னலில் அப்படியே கிடக்கும். ஆனால் ஓடும் சர்வரில் சோதிக்கக் கூடாது என்பதில் உங்கள் பக்கம்தான் நானும். ஒரு பழைய கணினியில் உபரிக் கார்டைப் பொருத்தி, அணைத்த தராசு ஒன்றை இணைத்து, அங்கே பாருங்கள்.

நூல்கணக்கன்:
அப்படியே செய்தேன். கால் மணி நேரத்தில் பட்டியல் வந்துவிட்டது. எல்லாவற்றிலும் ஒரே செயற்கூறு, எங்கள் எடை நிரலின் பெயர். ஒவ்வொரு துண்டின் முதல் 32 பைட்டுகளையும் அது காட்டுகிறது. அவற்றுள் நாங்கள் அனுப்பும் கேள்வியும் தராசின் எண்ணும் எழுத்தாகவே தெரிந்தன. மூலநிரலைத் திறந்தால், 208 பைட் கேட்டு வாங்குகிறார்கள் (கர்னல் அதற்கு 256 பைட் துண்டைத் தருகிறது). பதில் வந்தால் விடுவிக்கிறார்கள். நேரம் கடந்தால் பிழை எண்ணை மட்டும் தந்துவிட்டு நேராக வெளியேறுகிறார்கள். அந்த வழியையும் விடுவிக்கும் இடத்திற்குத் திருப்பிவிட்டேன். மாற்றியது ஒரே வரி.

வாய்க்கால்கரை:
நன்று. ஆனாலும் ஞாயிறு மறுதொடக்கத்தை ஒரு மாதமாவது வைத்திருங்கள். நாம் கைவைத்த டிரைவரை அப்படியே நம்பிவிட முடியாது.

பீளமேட்டான்:
வாராவாரம் மறுதொடக்கம் செய்தால், திருத்தம் பலித்ததா என்பதே தெரியாமல் போகும். கசிந்ததை மீட்கவும் புதிய டிரைவரை ஏற்றவும் இப்போது ஒருமுறை செய்யட்டும். பாதுகாப்புத் திருத்தம் வந்து கர்னலை மாற்றும்போது செய்வது வேறு வேலை. அதை நான் மறுக்கவில்லை. உங்கள் மண்டி சர்வரிலும் அந்த ‘எஸ்அன்ரீக்ளைம்’ வரியை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள், அண்ணா. இரண்டு ஆண்டுகளாக எது கசிகிறது என்று உங்களுக்கும் தெரிய வேண்டாமா?

வாய்க்கால்கரை:
குறித்துப் பார்க்கிறேன். மறுதொடக்கத்தை மட்டும் இப்போதைக்கு எடுக்க மாட்டேன்.

நூல்கணக்கன்:
திருத்தத்திற்குப் பின் ‘எஸ்அன்ரீக்ளைம்’: சனி இரவு எட்டு மணிக்கு 214 எம்பி. திங்கள் காலை எட்டு மணிக்கு 216.