‘விப்ட் சீஸ்’: பாற்கட்டிக் கடைசல் எனலாமா?

அனைவருக்கும் வணக்கம். ‘விப்ட் சீஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற இழையில் வந்த கருத்துகளை மேற்கோளாகக் காட்டி, கீழே என் பதிலைத் தருகிறேன்.

> ‘விப்ட்’ என்றால் காற்றை ஏற்றுவது. ஆகவே ‘நுரைத்த பாலாடைக்கட்டி’ என்பதே பொருத்தம்.

கேக்கின் மேல் வைக்கிற க்ரீமுக்கு இது சரி. 30 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்புள்ள க்ரீமைக் குளிரக் குளிர அடித்தால், கொழுப்புத் துளிகள் காற்றுக் குமிழிகளைச் சூழ்ந்து பிடித்துக்கொள்ளும். அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதை நுரைத்தது என்றே சொல்லலாம். ஆனால் இந்த இழை தொடங்கியது ஃபெட்டா என்ற கிரேக்கப் பாற்கட்டியை (சீஸை) வைத்து. அதில் நடப்பது வேறு.

நேற்றுச் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 200 கிராம் ஃபெட்டாவைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு உப்பைக் கொஞ்சம் இறக்கினேன். துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர் 100 கிராம், ஆலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, பூண்டு ஒரு பல். மிக்சியின் சின்ன ஜாரில் முதல் சுற்றில் புட்டு மாவு போல உதிர்ந்து ஓரமெல்லாம் ஒட்டிக்கொண்டது. வழித்துவிட்டு, விட்டுவிட்டு ஓட்டினேன். மூன்றாம் முறை வழித்தபோது கொரகொரப்பு போய், கரண்டியிலிருந்து வெண்ணெய் மாதிரி மடிந்து விழுந்தது. அளவு கூடவே இல்லை. உதிரியாக இருந்தபோது நின்ற இடத்தைவிடக் கீழேதான் நின்றது. (ஜார் சூடேறினால் இளகிவிடும். அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் இறுகிக்கொள்ளும்.)

இந்த வேலைக்கு நம் அடுப்படியில் பெயர் இருக்கிறது. வெந்த கீரையையும் பருப்பையும் மத்தால் கடைகிறோம். கொங்குப் பக்கம் கீரைக் கடைசல், கத்தரிக்காய்க் கடைசல் என்று செய்கையின் பெயரே பண்டத்துக்கும் ஆகிவிட்டது. அதனால் என் பரிந்துரை: பாற்கட்டிக் கடைசல்.

> கடைந்தால் வெண்ணெய் பிரியும். கடைதல் பிரித்தெடுப்பது அல்லவா?

தயிரில் அப்படி. பருப்பைக் கடையும்போது எதுவும் பிரிவதில்லை, திப்பியும் நீரும் ஒன்றாகிக் குழைகிறது. இரண்டுக்கும் ‘கடை’ என்ற ஒரே வினையைத்தான் காலகாலமாகச் சொல்லி வருகிறோம். மரக் கடைசல் பட்டறையோடு குழம்பும் என்ற கவலையும் எனக்கில்லை. முன்னால் பாற்கட்டி நிற்கிறதே.

கிரேக்கர்களும் செய்கையை வைத்துத்தான் பெயரிட்டிருக்கிறார்கள். ஃபெட்டா என்றாலே ‘சீவிய துண்டு’. அதை மிளகாயோடு சேர்த்துக் குழைத்த பண்டம் ஹ்திப்பித்தி, அதாவது ‘அடித்தது’. அதை அப்படியே ‘அடித்த பாற்கட்டி’ என்று எடுத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நாம் அடிப்பது முட்டையை. கெட்டியானதைக் குழைக்க அந்தச் சொல் நமக்கு வருவதில்லை.

பாலாடைக்கட்டியை விட்டுப் பாற்கட்டியை எடுத்ததற்கும் காரணம் உண்டு. பாலாடை என்பது காய்ச்சிய பாலின் மேல் படிவது. ஃபெட்டாவோ செம்மறிப் பாலை முழுதாக உறையவைத்து, உப்புநீரில் ஊறப்போட்டுச் செய்வது. வெள்ளாட்டுப் பால் 30 விழுக்காடு வரை சேரலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் அந்தப் பெயரைக் கிரேக்கத்துக்கே உரியதாகப் பதிந்தபோது வைத்த வரையறையும் இதுதான். இதில் ஆடைக்கு எங்கே இடம்?

அப்புறம், ‘ஸ்பிரெட்’டுக்குத் தனியாகப் ‘பூச்சு’ வேண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டால் சுவர்தான் கண்ணில் வருகிறது. கடைசல் என்றாலே தொட்டுக்கொள்ளவும் தடவவும் ஆவது என்று தெரிந்துவிடும்.

கலைச்சொல் பட்டியலில் இரண்டையும் பிரித்தே பதியலாம்: விப்ட் க்ரீமுக்கு நுரைத்த பாலேடு, விப்ட் சீஸுக்குப் பாற்கட்டிக் கடைசல். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஒருமுறை ஜாரில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்